நீட்டு கேபிள் போட்டா கிட்டார் டோன் போகுதா: எந்த கோளாறுக்கு பஃபர், எதுக்கு வேணாம்

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஸ்டேஜ்ல கிட்டார் வாசிக்கிறவங்க அடிக்கடி சொல்ற ஒரு புகார் இருக்கு, ரூம்ல நல்லா இருக்கற டோன் ஸ்டேஜ் ஏறுனா காணாம போயிடுதுன்னு. ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு மேடையோ, கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியோ, அரூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா ஆர்கெஸ்ட்ராவோ, எங்கன்னாலும் கதை ஒண்ணுதான். பந்தல் பெருசு, ஆம்ப் ட்ரம்ஸுக்கு பின்னாடி ஒரு மூலை, கிட்டார்காரர் இந்தப் பக்கம் ஒரு மூலை, நடுவுல ரெண்டு மூணு கேபிள ஜாயிண்டர் போட்டு இழுத்திருப்பாங்க, அதுல ஒரு பெடல் போர்டு (எஃபெக்ட் பெடல் எல்லாம் அடுக்கி வெச்ச பலகை) வேற. உடனே யாராச்சும் ஒரு அண்ணன் "பஃபர் ஒண்ணு வாங்கி போடு தம்பி"ன்னு சொல்லிட்டு போயிடுவார். பஃபர்ங்கறது கிட்டார் சிக்னல பலமா தள்ளி விடற ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. அத எங்க போடணும்னு சொல்ல மாட்டார். அங்கதான் எல்லாமே இருக்கு. அதனால உங்க காதுக்கு என்ன கேக்குதோ அத வெச்சு கீழ பாத்துக்கோங்க.

எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

பெடல் எல்லாத்தையும் கழட்டிடுங்க. 3 மீட்டர் கேபிள் ஒண்ணு எடுத்து கிட்டார்ல இருந்து நேரா ஆம்புக்கு போடுங்க, கிட்டார்ல வால்யூம் டோன் ரெண்டும் முழுசா தொறந்து ஒரு கார்டு அடிங்க. அப்பறம் ஆம்ப்ல எந்த நாப்பையும் தொடாம, ஸ்டேஜ்ல போடற அதே நீட்டு கேபிள், அதே போர்டு எல்லாம் மாட்டி அதே கார்டு. வித்தியாசம் தெரிஞ்சா கேபிள் பக்கம் பிரச்சினை, தொடர்ந்து படிங்க. வித்தியாசமே இல்லன்னா பழைய ஸ்ட்ரிங்கா, ஆம்ப் ஸ்பீக்கரா, பந்தல் எக்கோவான்னு பாருங்க, பஃபருக்கு காசு போட வேணாம்.

கெபாசிட்டன்ஸ் அளக்கற ரேஞ்ச் இருக்கற மல்டிமீட்டர் இருந்தா இன்னொரு வேலையும் பண்ணலாம். கேபிள ரெண்டு முனையும் எதுலயும் சொருகாம வெச்சு, ஒரு பின்னோட நுனிக்கும் உடம்புக்கும் நடுவுல அளந்து பாருங்க. சுமாரான கிட்டார் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் பக்கம் காட்டும், அதாவது 6 மீட்டருக்கு 600. அதே 6 மீட்டர் ஆயிரத்த தாண்டுச்சுன்னா அது கிட்டாருக்கு ஆகாத கேபிள். நம்மூர்ல மைக் ஒயர வாங்கி ரெண்டு பக்கமும் கிட்டார் பின் வெச்சு சால்டர் பண்ணி குடுக்கறாங்க பாருங்க, உள்ள இருக்கற ரெண்டாவது கோர ஷீல்டோட சேத்து முறுக்கி விட்டுடுவாங்க, அப்டி பண்ணும்போது கெபாசிட்டன்ஸ் ஏறிடும். மைக்குக்கு அந்த ஒயர் பிரமாதம், கிட்டாருக்கு இல்ல.

"சத்தம் வருது, ஆனா மொத்தையா இருக்கு, கிளாரிட்டி இல்ல"

இதுதான் பஃபருக்குன்னே இருக்கற கோளாறு, அதனால இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

சாதா பேசிவ் பிக்கப்புங்கறது காந்தத்த சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிசு காப்பர் கம்பி, அவ்ளோதான். பேட்டரி கிடையாது, அதோட தம் ரொம்ப கம்மி. கேபிளுக்குள்ள நடுக் கம்பியும் வெளி ஷீல்டும் பக்கத்துல பக்கத்துல ஓடறதால அதுவே ஒரு நீளமான கெபாசிட்டர். ஒவ்வொரு அதிர்வுக்கும் அந்த கெபாசிட்டர நிரப்பி காலி பண்ணனும், ட்ரெபிள்னா (மேல இருக்கற கீச்சு சத்தம்) ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை. மாந்தோப்புக்குள்ள நீட்டமா ஓஸ் இழுத்து வீட்டுக் குழாய்ல மாட்டுனா கடைசி மரத்துக்கு தண்ணி சொட்டும், அதே ஓஸ மோட்டார்ல மாட்டுனா பீச்சி அடிக்கும். பஃபர் அந்த மோட்டார் மாதிரி. சத்தத்த கூட்டாது, வந்த வோல்டேஜ அப்டியே வெளிய விடும், ஆனா பின்னாடி தள்ற சக்தியோட விடும்.

நம்பர்ல சொன்னா இன்னும் தெளிவா இருக்கும். சிங்கிள் காயில் பிக்கப்புக்கு இண்டக்டன்ஸ் சுமார் 2.5 ஹென்றின்னு வெச்சுக்கங்க. பிக்கப்போட சொந்த கெபாசிட்டன்ஸ் ஒரு 100 பிகோஃபாரட் சேத்து 3 மீட்டர் கேபிள் போட்டா அதோட ரெசனன்ஸ் (பிக்கப் தூக்கலா குடுக்கற இடம்) 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிக்கும், அந்த மினுமினுப்பு அங்கதான் இருக்கு. 15 மீட்டர் போட்டா அது 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிடும், அதுக்கு மேல இருக்கறது எல்லாம் சரசரன்னு சரியும். ஹம்பக்கர்னா (ரெண்டு காயில் பிக்கப்) இண்டக்டன்ஸ் இன்னும் ஜாஸ்தி, அதனால இன்னும் கீழ போகும். அதே 15 மீட்டர் கேபிள 1 கிலோ ஓம் அவுட்புட் இருக்கற பஃபர் தள்ளுச்சுன்னா கட்டாஃப் (ட்ரெபிள் சரிய ஆரம்பிக்கற இடம்) 100 கிலோஹெர்ட்ஸ தாண்டிடும். மனுஷன் காது 20தான். அதனாலதான் பஃபருக்கு பின்னாடி கேபிள் எவ்ளோ நீளம்ங்கறது ட்ரெபிள் விஷயத்துல ஒரு பொருட்டே இல்லாம போயிடுது.

செய்ய வேண்டியது: கிட்டார்ல இருந்து சின்ன கேபிள், உடனே பஃபர், அதுக்கப்பறம் நீட்டு கேபிள். பஃபரோட இன்புட் 1 மெக் ஓமாவது இருக்கணும், அவுட்புட் 1 கிலோ ஓமோ அதுக்கு கம்மியோ. பாஸ் கம்பெனி பெடல் மாதிரி பஃபர் பைபாஸ் இருக்கற பெடல் ஏதாச்சும் ஏற்கனவே உங்ககிட்ட இருந்தா தனியா பஃபர் வாங்கவே வேணாம், அத ஆஃப்ல வெச்சாலும் உள்ள பஃபர் ஓடிட்டுதான் இருக்கும். முதல் ஆளா அத வெச்சு பாருங்க, பாதி பேருக்கு பிரச்சினை அங்கயே முடிஞ்சிடும்.

"பஃபர் போட்டேன், ஒரு மாத்தமும் இல்ல"

எங்க போட்டீங்க? ஆம்ப் மேல வெச்சிருந்தா அது சும்மா உக்காந்திருக்கு. 15 மீட்டர் கேபிள் ட்ரெபிள முழுசா தின்னுட்டு மிச்சத்த குடுக்கும், அந்த மிச்சத்த பஃபர் பத்திரமா ஆம்புக்கு எடுத்துட்டு போகும். போனது திரும்ப வராது. பஃபர் எப்பவும் நீட்டு கேபிளுக்கு முன்னாடி, கிட்டார் பக்கம்.

இன்னொரு காரணம், போர்டுல எல்லா பெடலும் ட்ரூ பைபாஸ். ட்ரூ பைபாஸ்னு பெட்டி மேல போட்டிருந்தா நம்ம பசங்களுக்கு ஒரு தனி மரியாதை, ஆனா அதோட அர்த்தம் ஆஃப் பண்ணா உள்ள வெறும் கம்பி, அவ்ளோதான். ஆறு பெடலையும் ஆஃப் பண்ணா கிட்டார் கேபிள், பேட்ச் கேபிள், ஆம்ப் கேபிள் எல்லாம் ஒண்ணா சேந்து ஒரே நீட்டு கேபிள் ஆயிடும். இத கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: எல்லா பெடலும் ஆஃப்ல இருக்கும்போது மொத்தையா இருந்து, ஏதோ ஒரு பெடல ஆன் பண்ண உடனே (எஃபெக்ட் எல்லாம் குறைச்சு வெச்சு) சத்தம் தெளிஞ்சா, இதேதான். போர்டோட தலைல ஒரு பஃபர் போதும். போர்டு பெருசா இருந்து ஆம்புக்கு போற கேபிளும் நீளம்னா கடைசிலயும் ஒண்ணு வெக்கலாம், ஏன்னா கடைசில இருக்கற பெடலோட அவுட்புட் எப்டி இருக்கும்னு ஒவ்வொண்ணுக்கும் மாறும். ரெண்டுக்கு மேல எதுக்கு, சும்மா இரைச்சல்தான் கூடும்.

"வால்யூம் முழுசா வெச்சா ஓகே, கொஞ்சம் குறைச்சா மொத்தையாகுது"

பாட்டு நடுவுல பாடகருக்காக வால்யூம் இறக்குவோம் இல்ல, அப்ப வர்ற கோளாறு. வால்யூம் நாப்புக்கு அடில இருக்கற பாட்ட (பொட்டன்ஷியோமீட்டர்) குறைக்கும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் சிக்னலுக்கு குறுக்க வந்து நிக்கும். 500 கிலோ ஓம் பாட்னா மோசமான இடத்துல சிக்னலுக்கு 125 கிலோ ஓம் அடைப்பு. அதுல 6 மீட்டர் கேபிள் சேந்தா 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல இருந்தே வெட்ட ஆரம்பிச்சிடும்.

இதுக்கு போர்டுல இருக்கற பஃபர் பாதிதான் உதவும், ஏன்னா கிட்டாருக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்கற கேபிள் அப்டியேதானே இருக்கு. அந்த கேபிள சின்னதாக்குங்க. ஸ்டேஜ்ல நடந்துட்டே வாசிக்கிற ஆள்னா ஸ்ட்ராப்ல மாட்டற சின்ன பஃபர் நல்ல யோசனை, அங்க கேபிள் ஒரு மீட்டர் கூட இருக்காது. இல்லன்னா கிட்டாருக்குள்ளயே வால்யூம் பாட்டோட இன்புட் காலுக்கும் நடுக் காலுக்கும் குறுக்க 680 பிகோஃபாரட் கெபாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் பேரலலா சேத்து வெச்சு சால்டர் பண்ணிக்கலாம், ட்ரெபிள் ப்ளீடுன்னு சொல்லுவாங்க. செலவு டீ காசுதான்.

"ஆம்ப் இல்ல, நேரா மிக்ஸர்ல சொருகுனா சத்தமும் கம்மி, டோனும் செத்துப்போச்சு"

ஊர் ப்ரோக்ராம்ல பாதி இடத்துல ஆம்பே இருக்காது, மைக் செட் அண்ணன் "மிக்ஸர்ல குடுங்க தம்பி"ம்பார். அவர் மேல தப்பு இல்ல, கீபோர்டு அப்டிதான் போகுது. ஆனா மிக்ஸரோட லைன் இன்புட் சும்மா 10 கிலோ ஓம் பக்கம், கிட்டார் ஆம்ப்னா 1 மெக் ஓம். பேசிவ் பிக்கப்ப 10 கிலோ ஓம்ல மாட்டுனா 1 கிலோஹெர்ட்ஸ்லயே சரிய ஆரம்பிச்சிடும், கேபிள் எவ்ளோ சின்னதா இருந்தாலும். ஈக்வலைசர்ல ட்ரெபிள ஏத்துனா இரைச்சல்தான் ஏறும்.

இங்க பஃபர் வேலை செய்யும், ஆனா டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னல மைக் கேபிள்ல அனுப்பற மாதிரி மாத்தற பெட்டி) இன்னும் நல்லது. மிக்ஸர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம், 30, 40 மீட்டர் தள்ளி இருக்கும். அவ்ளோ தூரம் பஃபர் போட்டு சாதா கிட்டார் கேபிள் இழுத்தா ட்ரெபிள் போகாது, வாஸ்தவம்தான், ஆனா வழில இருக்கற சீரியல் லைட் ஒயர், ஜெனரேட்டர் ஒயர் எல்லாத்தோட ஹம்மையும் வாரிட்டு வரும். டிஐ பாக்ஸ் சிக்னல பேலன்ஸ்டா மாத்தி எக்ஸ்எல்ஆர் மைக் கேபிள்ல அனுப்பும், ரெண்டு கம்பிலயும் ஒரே மாதிரி ஏறுன ஹம்ம மிக்ஸர் கழிச்சிடும். பேசிவ் பிக்கப்புக்கு ஆக்டிவ் டிஐ வாங்குங்க, மிக்ஸர்ல 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இருந்தா அதுலயே ஓடும், இல்லன்னா பேட்டரி. ஏற்கனவே பஃபர் இருந்தா அதுக்கு பின்னாடி விலை கம்மியான பேசிவ் டிஐ போட்டாலும் அருமையா ஓடும். அண்ணன்கிட்ட முன்னாடியே "அண்ணா ஒரு டிஐ பாக்ஸ் எடுத்துட்டு வாங்க"ன்னு போன்ல சொல்லிடுங்க, அங்க போய் கேட்டா கிடைக்காது.

"அக்கூஸ்டிக் கிட்டார் கீச்சுனு இருக்கு, பேஸே இல்ல"

மேல சொன்னதுக்கு நேர் தலைகீழ். ப்ரிட்ஜுக்கு அடில இருக்கற பியசோ பிக்கப்பே ஒரு கெபாசிட்டர், சுமார் 1000 பிகோஃபாரட்னு வைங்க. அத 10 கிலோ ஓம் மிக்ஸர்ல குடுத்தா பேஸ் மொத்தமா போயிடும், மேல இருக்கற கீச்சு மட்டும் மிஞ்சும். 1 மெக் ஓம்ல கூட 160 ஹெர்ட்ஸுக்கு கீழ சரியும், கிட்டாரோட கீழ் ஈ (E) ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், அதனால 5ல இருந்து 10 மெக் ஓம் இன்புட் இருக்கற பஃபர் வேணும்.

வேடிக்கை என்னன்னா பியசோவுக்கு நீட்டு கேபிள் போட்டா ட்ரெபிள் போகாது, மொத்த சத்தமும்தான் குறையும். 15 மீட்டர்ல பாதிக்கும் கீழ போயிடும். ஆனா கிட்டார் பக்கவாட்டுல நாப் வெச்ச ப்ரீஆம்ப்பும் பேட்டரி டப்பாவும் இருந்தா இது எதுவுமே உங்களுக்கு இல்ல, உள்ளயே பஃபர் இருக்கு. பேட்டரிய மட்டும் பாத்துக்கோங்க.

"பஃபர் போட்டப்பறம் ஃபஸ் பெடல் கத்துது"

இங்க பஃபர்தான் குற்றவாளி. ஃபஸ்ங்கறது சத்தத்த கரடுமுரடா உடைச்சு குடுக்கற பெடல். 1966ல வந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரி ரெண்டு ட்ரான்சிஸ்டர் ஃபஸ்ஸுக்கு இன்புட் இம்பிடன்ஸ் ரொம்ப கம்மி, அது பிக்கப்பையே தன் சர்க்யூட்ல ஒரு பாகமா எடுத்துக்கும். நடுவுல பஃபர் வந்தா அந்த உறவு அறுந்துடும், சத்தம் கரகரன்னு ஆயிடும், கிட்டார் வால்யூம குறைச்சா க்ளீனாகற அந்த அழகும் போயிடும். கிட்டார், ஃபஸ், அப்பறம் பஃபர், இந்த வரிசைல வைங்க. ஃபஸ்ஸுக்கு முன்னாடி பஃபர் இருக்கற ட்யூனர் பெடல வெச்சிருந்தாலும் இதே கதிதான், ட்யூனர பின்னாடி தள்ளுங்க.

"இப்ப ரொம்ப ஷார்ப்பா இருக்கு, காத குத்துது"

பஃபர் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இவ்ளோ நாள் 10 மீட்டர் கேபிளுக்கு ஏத்த மாதிரி ஆம்ப்ல ட்ரெபிள ஏத்தி வெச்சிருப்பீங்க, அத இறக்குங்க. அப்பவும் பழைய டோன்தான் பிடிச்சிருக்குன்னா அது ஒண்ணும் குத்தமில்ல, பஃபரோட இன்புட் ஜாக்ல நுனிக்கும் எர்த்துக்கும் குறுக்க 470 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு வெச்சா கிட்டத்தட்ட 5 மீட்டர் கேபிள் சேத்த மாதிரி ஆயிடும். 60கள்ல நிறைய பேர் சுருள் கேபிள் போட்டு வாசிச்சாங்க, அந்த கெபாசிட்டன்ஸும் அந்த டோன்ல ஒரு பங்கு.

"உய்ய்னு ஹம் வருது"

பஃபர் போட்டா ஹம் போயிடும்னு நம்பி வாங்காதீங்க. கிட்டார் வால்யூம பூஜ்யத்துக்கு கொண்டு போங்க. ஹம் நின்னா பிக்கப் பிடிக்குது, லைட் டிம்மர், சீரியல் செட், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நிக்கிறீங்க, திரும்பி நின்னு பாருங்க, குறையும். நிக்கலன்னா கேபிள், பெடல் பவர், இல்ல எர்த் லூப் (ரெண்டு வழில எர்த் சேந்து வளையமாகறது). ஒரே அடாப்டர்ல சங்கிலியா எல்லா பெடலுக்கும் பவர் குடுத்து அதுல ஒரு டிஜிட்டல் டிலேயும் இருந்தா கீங்னு ஒரு சத்தம் வரும், அதுக்கு தனித்தனி அவுட்புட் இருக்கற பவர் சப்ளைதான் வழி. கேபிள ஆட்டும்போது மட்டும் கரகரன்னா அதுக்கு பஃபர் ஓரளவு உதவும், ஆனா பஃபருக்கு முன்னாடி இருக்கற கேபிளுக்கு உதவாது.

இதுல ஒண்ணு மட்டும் கண்டிப்பா. ஹம் போகணும்னு ஆம்போட மூணாவது பின்ன உடைக்கறது, டேப் சுத்தறது, எர்த் இல்லாத ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன்ல போடறது, இதெல்லாம் நம்மூர் ஸ்டேஜ்ல சர்வ சாதாரணம், ஆளக் கொல்லும். மைக் வேற சப்ளைல, ஆம்ப் வேற சப்ளைல இருந்து, கைல ஸ்ட்ரிங் பிடிச்சு உதட்ட மைக்ல வெச்சா சுருக்குன்னு இழுக்குதுன்னா அந்த நிமிஷமே நிறுத்துங்க, எலக்ட்ரீஷியன கூப்புடுங்க. எர்த் லூப்ப உடைக்கணும்னா டிஐ பாக்ஸ்ல இருக்கற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச், அது சிக்னல் எர்த்த மட்டும்தான் பிரிக்கும்.

"நானே செஞ்ச பஃபர், சூடாகுது, புஸ்ஸுன்னு இரைச்சல்"

ஓசூர், கிருஷ்ணகிரி பசங்க பெங்களூர் எஸ்பி ரோடுக்கு போய் பார்ட்ஸ் அள்ளிட்டு வந்து செய்யறாங்க, சந்தோஷம். டிஎல்072 ஐசி, இல்ல அவசரத்துக்கு நம்மூர் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ற கடைல கிடைக்கற 4558, ரெண்டுமே ஓடும், முதல்ல சொன்னது நல்லது. சின்ன கேபிள்ல ஒழுங்கா ஓடி நீட்டு கேபிள மாட்டுனா மட்டும் சூடாகுது, இரைச்சல், டோன் விகாரமாகுதுன்னா ஐசி ஆசிலேட் ஆகுது. காதுக்கு கேக்காத ஃப்ரீக்வென்சில அது தனியா ஆட்டம் போடும், காரணம் கேபிளோட கெபாசிட்டன்ஸ் நேரா அவுட்புட் கால்ல உக்காந்திருக்கறது. ஃபீட்பேக் எடுக்கற புள்ளிக்கு வெளிய, அவுட்புட்ல 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு சீரியஸ்ல போடுங்க, சரியாயிடும். ஐசியோட பவர் கால் ரெண்டுக்கும் குறுக்க, ஒட்டுனாப்ல, 104 கெபாசிட்டர் (0.1 மைக்ரோஃபாரட்) ஒண்ணு போடுங்க. ஐசில பாதிதான் யூஸ் பண்றீங்கன்னா மிச்சப் பாதிய அந்தரத்துல விடாதீங்க, அவுட்புட்ட மைனஸ் கால்லயும் ப்ளஸ் கால பயஸ் வோல்டேஜ்லயும் கட்டிடுங்க.

ஐசி வேணாம்னா பிஎஃப்டபிள்யூ10 ஜெஃபெட், பாலிடெக்னிக் லேப்ல பாத்திருப்பீங்க, அதுலயும் சோர்ஸ் ஃபாலோயர் (ஒத்த ட்ரான்சிஸ்டர் பஃபர்) செய்யலாம்.

"சுத்தமா சத்தமே இல்ல" அல்லது "அடிச்சா சத்தம் உடையுது"

பவர். பஃபருக்கு கரண்ட் போச்சுன்னா சிக்னலும் போச்சு, ட்ரூ பைபாஸ் மாதிரி வெறும் கம்பியா கடந்து போகாது. 9 வோல்ட் பேட்டரி 7க்கு கீழ இறங்குனா பலமா அடிக்கும்போது உடையும். பெரும்பாலான பெடலுக்கு நடுப் பின் மைனஸ், கடைல குடுக்கற சாதா அடாப்டர் நிறைய நடுப் பின் ப்ளஸ்ஸா இருக்கும், மீட்டர் வெச்சு பாக்காம சொருகாதீங்க. கேபிள சொருகியே வெச்சிருந்தா பேட்டரி காலியாகிட்டே இருக்கும், வாசிச்சு முடிச்சா இன்புட் பின்ன உருவிடுங்க.

"ஸ்விட்ச் அமுக்குனா டப்புன்னு வெடிக்குது"

அவுட்புட் கெபாசிட்டர்ல தேங்குன டிசி. அவுட்புட் ஜாக்ல இருந்து எர்த்துக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டா போயிடும். போட்டும் நிக்கலன்னா அந்த எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் லீக் ஆகுது, இல்ல ப்ளஸ் மைனஸ் மாத்தி வெச்சிருக்கீங்க, கழட்டி புதுசு போடுங்க.